அலுவலக இன்டர்நெட் மதியத்துக்கு மேல் படுத்துவிடுகிறது. காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

சின்ன அலுவலகங்களுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுத்துப் பராமரிப்பது என் வேலை. இணைப்பு கொடுத்தவர்களுக்கு போன் போடும் முன் ஒன்று செய்யுங்கள். ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு பிங் (சின்னச் செய்தி அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் கட்டளை) ஓடவிடுங்கள்: ஒன்று உங்கள் ரவுட்டருக்கு (பெரும்பாலும் 192.168.1.1), இன்னொன்று வெளியே இருக்கும் கூகுள் சர்வரான 8.8.8.8-க்கு. இணைப்பு மெதுவாகும் நேரத்தில் இரண்டையும் கவனியுங்கள்.

ரவுட்டருக்குப் போகும் பிங்கே தாறுமாறாக ஏறி இறங்கினால் கோளாறு உங்கள் கட்டடத்துக்குள்தான், அதுவும் அனேகமாக வைஃபையில். கேபிள் செருகியதும் சரியாகிவிட்டால் சந்தேகமே வேண்டாம், வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறிவிடுங்கள்.

ரவுட்டர் வரை 1 மில்லிசெகண்ட், வெளியே போவது மட்டும் 30-லிருந்து 500-க்கு எகிறுகிறதா? அப்லோடைப் பாருங்கள். நான் அதிகம் பார்ப்பது இதைத்தான், ஆனால் எல்லோரும் டவுன்லோடை மட்டுமே அளக்கிறார்கள். நீங்கள் ஒரு ஃபைலை இறக்கும்போதும் 'வந்து சேர்ந்தது' என்று உங்கள் கம்ப்யூட்டர் சின்னச் சின்ன பாக்கெட்டுகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அப்லோட் நிரம்பிவிட்டால் அவை ரவுட்டரின் வரிசையில் மாட்டிக்கொள்ளும், டவுன்லோடும் சேர்ந்து தவழும். இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர்.

நிரப்புவது யார்? கிளவுடுக்கு வீடியோ அனுப்பும் சிசிடிவி, ஒன்டிரைவ், கூகுள் டிரைவ், வைஃபை கிடைத்ததும் போட்டோக்களை ஏற்றத் தொடங்கும் போன்கள். சில ரவுட்டர்களில் எந்தக் கருவி எவ்வளவு அனுப்புகிறது என்றே பார்க்கலாம். இல்லையென்றால் விண்டோஸில் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, நெட்வொர்க் பகுதியில் அனுப்பும் அளவைப் பாருங்கள். அதிலும் பிடிபடவில்லையா, பிங்கை ஓடவிட்டபடி நெட்வொர்க் ஸ்விட்சிலிருந்து (எல்லாக் கேபிள்களும் வந்து சேரும் பெட்டி) கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள் (முதலில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு!). எதைக் கழற்றியதும் பிங் இறங்குகிறதோ அதுதான்.

கண்டுபிடித்ததும் அந்த ஆளைக் கடிந்துகொள்ளாதீர்கள். உதாரணமாக, கணக்குப் பிரிவின் பேக்கப் தேவையான வேலைதான். அதை இரவுக்கு மாற்றுங்கள், ஒன்டிரைவ் செட்டிங்கில் அப்லோடுக்கு வரம்பு வையுங்கள். ரவுட்டரில் எஸ்க்யூஎம் (பாக்கெட் வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் வசதி) இருந்தால், அளந்த வேகத்தில் 90 சதவீதம் அளவுக்கு அமைத்துவிடுங்கள். இதையெல்லாம் செய்யாமல் பெரிய பிளானுக்குப் பணம் கட்டுவது வீண்.

அப்புறம், மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரே லேப்டாப்பைக் கேபிளில் செருகியும் வேகம் இல்லையென்றால், பிங் முடிவுகளை நேரமும் தெரியும்படி படமெடுத்து இணைப்பு கொடுத்தவர்களுக்கு அனுப்புங்கள்.