பார்ப்பவர் வேறு, வெட்டுபவர் வேறு: வீட்டு மரங்கள் பற்றிய கேள்வி பதில்

வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போதெல்லாம் வீட்டு மரங்களைப் பற்றிய கேள்விகள் குவிந்துவிடும். வந்தவற்றில் பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (தாம்பரம்): எங்கள் வீட்டு வாசலில் மாமனார் வைத்த பெரிய வேப்ப மரம் இருக்கிறது. மரம் வெட்டுபவர் ஒருவர் பார்த்துவிட்டு, "அடியில் பொந்து விழுந்துவிட்டது, அடுத்த புயலுக்குத் தாங்காது. கூலியே வேண்டாம், நானே வெட்டி எடுத்துப் போகிறேன்" என்கிறார். நம்பலாமா?

பதில்: கூலி வேண்டாம் என்று அவர் சொன்னதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும், அம்மா. முற்றிய வேம்பின் அடிமரம் கதவுக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் ஆகும். கிளைகள் விறகுக்குப் போகும். அவருடைய கூலி உங்கள் மரத்துக்குள்ளேயே இருக்கிறது. அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மரம் கீழே வந்தால் மட்டுமே அவருக்கு வரும்படி. மரத்தின் நிலையைச் சொல்பவரும் அதை வெட்டி எடுத்துப் போகிறவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. இந்தப் பகுதியில் எந்தக் கேள்விக்கும் நான் முதலில் சொல்லும் பதில் இதுதான். பார்த்துச் சொல்வதற்கு மட்டும் பணம் கொடுத்து ஒருவரை அழையுங்கள். வெட்ட வேண்டும் என்று அவர் சொன்னால், வெட்டும் வேலையை வேறொருவரிடம் கொடுங்கள்.

இனி பொந்துக்கு வருகிறேன். பொந்து இருப்பதாலேயே மரம் விழுந்துவிடாது. முற்றிய மரத்தின் நடுப்பகுதி உயிரற்ற கட்டை. உயிரோட்டம் முழுவதும் வெளிச்சுற்றில் நடக்கிறது. காற்றைத் தாங்கும் வலுவில் பெரும்பங்கும் அங்கேதான். ஆகவே பொந்தின் வாய் எவ்வளவு பெரிது என்பதைவிட, அதைச் சுற்றி நல்ல கட்டை எவ்வளவு கனம் மிஞ்சியிருக்கிறது என்பதே முக்கியம். விஷயம் தெரிந்தவர் மரச்சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வருவார்; உள்ளே கூடாகிப் போன இடத்தில் ஓசை மாறும். மெல்லிய கம்பியைப் பொந்துக்குள் விட்டு ஆழத்தையும் அளந்து பார்ப்பார்.

எனக்குப் பயம் தருபவை வேறு. நேராக நின்ற மரம் அண்மையில் சாயத் தொடங்கியிருப்பது. சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் தூக்கிக்கொண்டு வெடித்திருப்பது. அடிமரத்திலோ வேர்மீதோ தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருப்பது. இரண்டு பெரிய கவைகள் பிரியும் இடத்தில் கீறல் ஓடுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் மழைக்கு முன்பே ஆளை வரவழையுங்கள்.

"வர்தாவுக்கே நின்ற மரம்" என்று பலர் எழுதுகிறார்கள். 2016 டிசம்பர் 12 அன்று நின்றது என்பது நல்ல செய்திதான். ஆனால் அதற்குப் பிறகு வாசலில் மழைநீர் வடிகாலுக்கோ கேபிளுக்கோ பள்ளம் தோண்டினார்களா என்று யோசித்துப் பாருங்கள். வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில் இரண்டடி ஆழத்துக்குள்ளேயே, கிளை விரிவைத் தாண்டியும் பரவிக் கிடக்கும். புயலில் பெயர்ந்து கிடந்த மரங்களைப் போய்ப் பார்த்திருக்கிறேன். பலவற்றில் தெருப்பக்கத்து வேர்கள் கோடு கிழித்தாற்போல் அறுபட்டிருந்தன. அறுபட்ட முனைகள் கறுத்து, பழைய வெட்டு என்று காட்டின. அவற்றைப் புயல் சாய்த்தது என்றாலும், சாய்வதற்கு வழிசெய்தது கடப்பாரைதான்.

கேள்வி (கோயம்புத்தூர்): வெளிநாட்டில் மரப் பராமரிப்புக்கென்றே 'ஆர்பரிஸ்ட்' என்று தனித் தொழில் இருக்கிறதாமே. நம் ஊரில் அப்படி ஒருவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: 1924இல் தொடங்கிய சர்வதேச மரவளர்ப்பியல் சங்கம் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறது. அதைப் பெற்றவர்கள் இந்தியாவிலும் இருக்கிறார்கள், ஆனால் குறைவு. மின்வேலைக்கு இருப்பதுபோல மரவேலைக்கு உரிமம் கேட்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. அதனால் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு உங்களுடையதுதான்.

வந்தவர் எங்கே பார்க்கிறார் என்று கவனியுங்கள். வாசலில் நின்றபடி அண்ணாந்து பார்த்து விலை சொல்பவர் வெட்டத் தெரிந்தவர். மரத்தைச் சுற்றி வந்து, குனிந்து, அடியில் கிடக்கும் சருகை ஒதுக்கி, அடிமரம் வேரோடு சேரும் வேர்க்கழுத்தைப் பார்ப்பவர் மரம் தெரிந்தவர். அவரிடம் கேளுங்கள்: "எந்தக் கிளையை எடுப்பீர்கள், ஏன், எந்த இடத்தில் வெட்டுவீர்கள்?" கையை நீட்டிக் கிளை கிளையாகக் காட்டிச் சொன்னால் வேலையைக் கொடுக்கலாம். "மேலே மொட்டை அடித்துவிடலாம் சார்" என்றால் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

நோய், பூச்சி என்றால் உங்கள் வட்டாரத் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தையோ வேளாண் அறிவியல் நிலையத்தையோ கேட்கலாம். உங்களுக்கு வேளாண் பல்கலைக்கழகமே பக்கத்தில் இருக்கிறது. அங்கே யாருக்கும் உங்கள் மரத்தின் கட்டை தேவையில்லை.

கேள்வி (மதுரை): ஆண்டுதோறும் மழைக்கு முன் எங்கள் வாகை மரத்தை மொட்டை அடிக்கிறோம். ஆனாலும் முன்னைவிட அடர்த்தியாகத் தழைக்கிறது. கிளைகள் முறிந்தும் விழுகின்றன. ஏன்?

பதில்: மொட்டை அடிப்பதால்தான். இலை போனால் மரத்துக்கு உணவு போயிற்று. பட்டைக்கு அடியில் உறங்கிக் கிடக்கும் மொட்டுகளை எல்லாம் எழுப்பி, கட்டுக் கட்டாகத் துளிர் விடும். இயல்பாக வளர்ந்த கிளையின் அடி, உடலுக்குள் ஆழமாகப் பின்னியிருக்கும். இந்த அவசரத் துளிரோ வெளிச்சுற்றில் ஒட்டிக்கொண்டுதான் நிற்கும். அது கைப்பருமன் ஆகும் நேரத்தில், கீழே வெட்டுவாய் அழுகத் தொடங்கியிருக்கும். காற்றடித்ததும் அடியோடு கிழிந்து வருகிறது. ஆபத்தைக் குறைக்கப் பணம் கொடுத்து, அதை வளர்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கவாத்து என்பது வேறு. காய்ந்தது, உரசுவது, கூரைமேல் சாய்வது என்று பார்த்து எடுப்பது அது. ஒரே தடவையில் பச்சைக் கிளையில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. முற்றிய மரமென்றால் அதற்கும் குறைவாகவே எடுக்க வேண்டும்.

வெட்டும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான மரங்கள் பாழாவது இந்த நாலு விரற்கடை இடத்தில்தான். கிளை உடலோடு சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். சுற்றிலும் வளையம்போல் சற்றே புடைத்திருக்கும். மேற்பக்கத்தில் பட்டை சுருங்கி ஒரு வரப்பு தெரியும். அந்தப் புடைப்பு மரத்தின் தற்காப்பு அரண். அதைச் சேர்த்து வழவழவென்று சீவினால் அழுகல் நேரே உடலுக்குள் இறங்கும். அதிலிருந்து ஒரு முழம் தள்ளி முளைபோல் விட்டால், அந்த முளை காய்ந்து அழுகல் அதன் வழியே உள்ளே வரும். புடைப்புக்கு ஒட்டினாற்போல் வெளியே வெட்ட வேண்டும்.

கனத்த கிளையென்றால் மூன்று வெட்டு. முதலில் ஓரடி தள்ளி அடியிலிருந்து கால்வாசி. அதற்கும் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது. கிளை பட்டையை உரிக்காமல் விழும். மிஞ்சிய முளையைப் புடைப்புக்கு வெளியே எடுப்பது மூன்றாவது. சரியாக வெட்டியிருந்தால் நாளடைவில் விளிம்பிலிருந்து வட்டமாகப் புதுத்தசை சுருண்டு வந்து காயத்தை மூடும்.

அமெரிக்க வனத்துறை அறிவியலாளர் அலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து விளக்கியது இதுதான்: மரம் தன் காயத்தை ஆற்றுவதில்லை, காயம்பட்ட பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி ஒதுக்கிவைக்கிறது. அதனால் தார், பெயின்ட் பூசுவதில் பயனில்லை. மா போன்ற பழமரங்களுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை பூசச் சொல்வது பூஞ்சணத்தைத் தடுக்க. அதைத் தாரோடு சேர்க்க வேண்டாம்.

கேள்வி (பட்டுக்கோட்டை): கஜாவுக்குத் தப்பிய மூன்று தென்னைகள் கொல்லையில் நிற்கின்றன. ஒன்றில் செம்பழுப்பாகச் சாறு வடிகிறது. உயரத்தைப் பாதியாகக் குறைத்தால் பிழைக்குமா?

பதில்: தென்னையைக் குறைக்கவே முடியாது, ஐயா. அதற்கு இருப்பது உச்சியில் ஒரே குருத்து. அது போனால் மரமே போய்விடும். உடலில் பட்ட காயத்தை மூடவும் அதற்கு வழியில்லை. மிதித்து ஏற அரிவாளால் கொத்திய படிகள் ஆயுளுக்கும் அப்படியேதான் இருக்கும்.

சாறு எங்கே வடிகிறது என்று பாருங்கள். உடலில் துளைகள் இருந்து, அவற்றின் வழியே சாறும் மென்று துப்பிய நாரும் வெளியே வந்தால், காதை வைத்துக் கேளுங்கள். உள்ளே கறகறவென்று அரிக்கும் ஓசை கேட்டால் அது சிவப்புக் கூன்வண்டு. துளையே இல்லாமல் அடிமரத்தில் வெடிப்பு விட்டுச் சாறு வடிந்து, தூரில் காளானும் தெரிந்தால் அது உங்கள் பக்கத்து நோய்தான். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சை மாவட்டத்தில் கண்டறியப்பட்டதால் தஞ்சாவூர் வாடல் என்றே அதற்குப் பெயர். வாடல் என்றால் மண் வழியாகவும் வேர் வழியாகவும் மற்ற இரண்டுக்கும் பரவும். முற்றிய நோய் என்று வேளாண் அலுவலர் சொன்னால் தயங்காமல் எடுத்துவிடுங்கள். தூரையும் வேரையும் தோண்டி அழிக்க வேண்டும். மரத்தைக் காப்பாற்றச் சொல்லும் நானே சொல்கிறேன், இந்த ஒன்றை விட்டுவைப்பது மற்ற இரண்டுக்குச் செய்யும் துரோகம்.

கேள்வி (திருச்சி): மேலே ஏறியவர் தவறி விழுந்தால் பொறுப்பு யாருக்கு?

பதில்: சட்டம் என்ன சொல்லும் என்பதற்கு முன், ஒரு குடும்பத்தின் சோறு அந்தக் கிளையில் தொங்குகிறது என்பதை நினையுங்கள். விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று கேட்டு, அதன் நகலை வாங்கிவைத்துக்கொண்டு பேசுங்கள். தென்னை ஏறுபவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் பயிற்சியும், 'கேர சுரக்ஷா' என்ற காப்பீடும் தருகிறது. பயிற்சி பெற்றவர் கிடைத்தால் அவரையே அழையுங்கள்.

இடுப்புக் கயிறும் தலைக்கவசமும் இல்லாமல் ஏற விடாதீர்கள். பெரிய கிளையைக் கயிறு கட்டித்தான் இறக்க வேண்டும். தூறல் விழுந்தால் வேலையை நிறுத்துங்கள். மின்கம்பி பக்கத்தில் ஓடினால் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து, அவர்கள் மின்சாரத்தை நிறுத்திய பிறகே அரிவாள் மேலே போகலாம். பச்சைக் கிளையிலும் மின்சாரம் பாயும்.

கேள்வி (சேலம்): பக்கத்து வீட்டு முருங்கை எங்கள் மாடிமேல் சாய்ந்திருக்கிறது. சொன்னால் காதில் வாங்குவதில்லை.

பதில்: முருங்கை சட்டென முறியும் மரம், உங்கள் கவலை நியாயமானது. படம் எடுத்து, எழுத்தில் கொடுங்கள். உங்கள் எல்லைக்குள் நீட்டியதைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். அவர்கள் மனைக்குள் ஆளை ஏற்றாதீர்கள். மரமே விழும் நிலையில் இருந்தால் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 152ஆம் பிரிவாக இருக்கிறது. அகற்றவோ முட்டுக்கொடுக்கவோ உத்தரவிடலாம் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. ஆனால் முருங்கைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். காய்ப்பு முடிந்ததும் குட்டையாக வெட்டினால் நன்றாகத் துளிர்க்கும் மரம் அது. வெட்டும் கூலியில் பாதியை நீங்கள் தருவதாகச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி (குன்னூர்): சொந்த மனையில் நிற்கும் மரத்துக்கும் அனுமதி வேண்டுமா?

பதில்: உங்களுக்கு வேண்டும். மலைப்பகுதி மரங்களுக்கு 1955ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பட்டா நிலமானாலும் மனுப் போட்டே வெட்ட வேண்டும். சமவெளியில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல்: சந்தன மரம் தானாக முளைத்திருந்தாலும் வனத்துறையைக் கேட்காமல் கைவைக்காதீர்கள். பனைக்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அரசு 2021இல் அறிவித்தது. சாலையோரத்தில், உங்கள் மதிலுக்கு வெளியே நிற்பது உங்கள் மரமே இல்லை. சென்னையில் என்றால் மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் சொல்லுங்கள்.

கேள்வி (வேலூர்): மா மரத்தைச் சுற்றிச் சிமெண்ட் போட்டுவிட்டோம். இப்போது இலை சிறுத்துவிட்டது.

பதில்: உடைத்து எடுங்கள். அடிமரத்திலிருந்து எல்லாப் பக்கமும் குறைந்தது ஒரு மீட்டர் தூரத்துக்கு மண் தெரிய வேண்டும். 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி மரங்களுக்கு உத்தரவிட்டது இந்த அளவைத்தான். பெரிய கடப்பாரை வேண்டாம், வேர் நசுங்கும். சிற்றுளியால் துண்டு துண்டாக எடுத்து, சருகு மூடாக்குப் போடுங்கள். அடிமரத்தை ஒட்டி மண்ணைக் குவிக்காதீர்கள்.

கேள்வி (விழுப்புரம்): வெட்ட வேண்டியதுதான் என்று முடிவாகிவிட்டது. ஆனால் பொந்தில் கிளிகள் இருக்கின்றன. அடிக்கட்டையை என்ன செய்வது என்றும் தெரியவில்லை.

பதில்: காட்டுப் பறவையின் கூட்டையும் முட்டையையும் கலைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். குஞ்சுகள் பறக்கும்வரை வேலையைத் தள்ளிவையுங்கள். அதுவரை மரத்தடியில் வண்டி நிறுத்தாமல், ஆள் நடமாட்டத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாத ஆபத்து என்றால் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுச் செய்யுங்கள்.

அடிக்கட்டை மதிலிலிருந்து தள்ளி இருந்தால் தோண்டி எடுக்கலாம். மதிலை ஒட்டி இருந்தால் பொக்லைன் வேண்டாம், வேரோடு அஸ்திவாரமும் பெயரும். தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே அறுத்து மண் மூடிவிடுங்கள். துளிர்த்தால் கிள்ளிக்கொண்டே இருந்தால் காலப்போக்கில் மக்கிவிடும். ஆசிட் ஊற்றாதீர்கள், கிணறு பக்கத்தில் இருக்கும். கட்டையை யார் எடுத்துப் போவது, குப்பையை யார் அள்ளுவது, மதில் உடைந்தால் யார் கட்டித் தருவது என்பதையெல்லாம் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.