பாக்டீரியாவின் மேலுள்ள சர்க்கரைக்கு அடையாளம் போடுவது: கேள்வி பதில்

பாக்டீரியா செல்லின் வெளிப்புறச் சர்க்கரைகளை ஒளிர வைத்துப் பார்க்கும் வேதியியல் முறைகள் பற்றி நம் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே. லேபில் பல வருடம் இந்த வேலையைச் செய்தவள் நான்.

கீழக்கரை, பள்ளி ஆசிரியர்: பாக்டீரியா மேலே சர்க்கரையா? இனிக்குமா அம்மா?

இனிக்காது சார். டீக்குப் போடும் சீனி சின்ன மூலக்கூறு. இது சங்கிலி சங்கிலியாகக் கோத்த சுவர். நம் கண்ணீரில் இருக்கும் லைசோசைம் வெட்டுவது இந்தச் சங்கிலியைத்தான்.

மண்டபம், எம்.எஸ்சி. மாணவி: புரதத்தோடு ஜிஎஃப்பி என்ற பச்சை ஒளிர்புரதத்தைச் சேர்த்து ஒளிர வைக்கிறோமே, சர்க்கரைக்கு ஏன் முடியாது அக்கா?

புரதத்துக்கு ஜீனில் நேரடி எழுத்து உண்டு, அதோடு ஜிஎஃப்பியின் எழுத்தைச் சேர்த்துவிடலாம். சர்க்கரைச் சங்கிலிக்கு அப்படி எழுத்து இல்லை. என்சைம்கள் ஒவ்வொன்றாகக் கோத்துக் கட்டுகின்றன. அதனால் கட்டுகிற பொருளிலேயே கை வைக்க வேண்டும். வலை முடைகிறவருக்குக் கொடுக்கும் நூல் கண்டில் ஒரு சிவப்பு இழை சேர்த்துவிட்டால், அவர் அறியாமலே வலை முழுக்க அது ஓடிவிடும் இல்லையா? அதே வேலைதான்.

அந்த இழைக்குப் பெயர் அசைடு. அதைச் சர்க்கரையில் மாட்டிப் பாக்டீரியாவுக்குக் கொடுப்போம். மூன்று நைட்ரஜன் அணுக்கள் வரிசையாக நிற்கும் சின்னக் கொத்து. சின்னதாக இருப்பதால் என்சைம் பெரும்பாலும் ஏமாந்து ஏற்றுக்கொள்ளும். செல்லுக்குள் வேறு எதனோடும் சட்டென்று சேராது. பிறகு அசைடுக்கு ஜோடியான ஆல்கைன் என்ற கொத்தை மாட்டிய ஒளிர்சாயத்தை ஊற்றினால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். இந்தப் பூட்டுக்குக் கிளிக் வினை என்று பெயர், செம்பு வைத்துச் செய்யும் வகை 2002-இல் வந்தது. செம்பு உயிருள்ள செல்லுக்கு ஆகாது என்பதால் அமெரிக்க வேதியியலாளர் கரோலின் பெர்டோசி 2004-இல் செம்பு இல்லாத வழியைக் காட்டினார். 2022 வேதியியல் நோபல் அவருக்கும், செம்பு வழியைக் கண்ட மெல்டால், ஷார்ப்லெஸ் இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது.

அதே மாணவி: அசைடு சர்க்கரை கொடுக்காத கன்ட்ரோல் குழாயும் ஒளிர்கிறதே! பாக் நீரிணையில் எடுத்த பாக்டீரியா, டிபிசிஓ (செம்பு வேண்டாத ஆல்கைன்) மாட்டிய சாயம்.

இந்தக் கேள்விக்காகவே உட்கார்ந்தேன் தங்கச்சி. எனக்கும் முதல் வாரம் இதேதான். சென்ட்ரிஃபியூஜிலிருந்து எடுத்த குழாயின் அடியில் மிளகளவு பெல்லட், அதாவது செல் படிவு, நல்ல ரோஸ் நிறம். சந்தோஷத்தில் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் கன்ட்ரோல் குழாயைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். அதுவும் ரோஸ்.

முதல் சந்தேகம் சாயத்தின் மேல். எண்ணெய்த்தன்மை உள்ள சாயம் செல் உறையில் சும்மாவே ஒட்டிக்கொள்ளும். சாயத்தின் அளவைக் குறை, மூன்று தடவையாவது கழுவு. ஆனால் கடல் பாக்டீரியாவை வெறும் தண்ணீரில் கழுவாதே, பல வகைகள் உடைந்துவிடும். வளர்த்த ஊடகத்தில் எவ்வளவு உப்போ, கழுவும் நீரிலும் அவ்வளவு. அப்புறம், டிபிசிஓ புரதத்திலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடும் சேரும். சிஸ்டீனை மூடிவிடும் அயடோஅசிடமைடை முன்கூட்டிக் கொடுத்தால் அது குறையும்.

நாலு அசிட்டைல் கொத்து மாட்டிய அசைடு சர்க்கரையா வாங்கினாய்? அதுவும் என்சைம் இல்லாமலே சிஸ்டீனில் ஒட்டும் என்று 2018-இல் காட்டிவிட்டார்கள். அப்படி ஒட்டினால் கன்ட்ரோல் சுத்தமாக இருந்தும் முடிவு பொய்யாகும். ஆகவே அசைடு இல்லாத அதே சர்க்கரையை அதிகமாகச் சேர்த்துப் போட்டிக்கு விடு, ஒளி குறைகிறதா பார். அந்தச் சர்க்கரையைக் கட்டும் ஜீன் இல்லாத பாக்டீரியா வகை கிடைத்தால் இன்னும் நல்லது. கன்ட்ரோல் இல்லாத ஒளிப்படத்தை நான் நம்புவதே இல்லை.

தேவிபட்டினம், கல்லூரி மாணவர்: அசைடு விஷம் என்கிறார்களே?

சோடியம் அசைடு கடும் விஷம், அது வேறு. சர்க்கரையில் கட்டுண்ட அசைடு அப்படி இல்லை. ஆனால் லெக்டின் (சர்க்கரையைப் பிடிக்கும் புரதம்), ஆன்டிபாடி பாட்டில்களில் கெடாமலிருக்கச் சோடியம் அசைடு சேர்த்திருப்பார்கள். அது உங்கள் ஆல்கைன் சாயத்தைத் தின்றுவிடும். லேபிளைப் படியுங்கள் தம்பி.

தொண்டி, இறால் பண்ணைக்காரர்: விப்ரியோ பாக்டீரியா வளர்க்கும் டிசிபிஎஸ் தட்டில் பச்சைக் காலனி வந்தாலே பயமாக இருக்கிறது. இந்த முறையில் நோய்க்கிருமியைப் பிரித்துச் சொல்ல முடியுமா?

இப்போதைக்கு முடியாது அண்ணே. பச்சை, மஞ்சள் என்பது விப்ரியோ சுக்ரோஸைப் புளிக்க வைக்கிறதா இல்லையா என்பதைத்தான் சொல்லும். செல் மேலுள்ள சர்க்கரையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. 2012-இல் வந்த, கேடிஓ என்ற சர்க்கரையில் அசைடு மாட்டும் முறை, விப்ரியோ மாதிரி இரட்டை உறை கொண்ட கிராம் நெகட்டிவ் வகைகளுக்கானது. அந்தச் சர்க்கரை கெட்டதிலும் இருக்கும், குளத்தில் இருக்கும் நல்லதிலும் இருக்கும். இதை நம்பிக் காசு செலவழிக்காதீர்கள், பிசிஆர் பாருங்கள்.

ராமநாதபுரம், லேப் டெக்னீஷியன்: காசநோய்ச் சளிப் பரிசோதனைக்கு உதவுமா?

அங்கே நிஜமாகவே நம்பிக்கை இருக்கிறது. காசநோய்க் கிருமி டிரெஹலோஸ் என்ற சர்க்கரையைத் தன் வெளி உறையில் கோக்கும். நம் உடல் அதைத் தயாரிப்பதே இல்லை. 2018-இல் பெர்டோசி குழு டிரெஹலோஸோடு ஒரு சாயத்தை இணைத்தது. தண்ணீரில் மங்கலாக இருக்கும், கொழுப்பு உறைக்குள் போனதும் ஒளிரும். கழுவ வேண்டியதில்லை. நீங்கள் ஃபுக்சின் சாயம் ஊற்றிச் சூடுகாட்டும் முறையில் செத்த கிருமியும் சிவப்பாகத்தான் தெரியும். இதில் உயிரோடு இருந்து கட்டுகிற கிருமி மட்டுமே தெரியும்.

பாம்பன், பாசி எடுக்கும் குடும்பத்துப் பெண்: பாசியிலிருந்து எடுக்கும் அகாரில் செய்த, பாக்டீரியா வளர்க்கும் தட்டும் சர்க்கரைதானே அக்கா? அதுவும் ஒளிராதா?

நல்லாக் கேட்டாய் ராசாத்தி. உன் அம்மா எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலும் கஞ்சிப்பாசியிலும் இருப்பது கேலக்டோஸ் வகைச் சங்கிலி. அதில் அசைடு கிடையாது, கிளிக் சாயம் அதோடு பூட்டாது. ஆனால் கேலக்டோஸைப் பிடிக்கும் லெக்டினை வைத்துப் பார்த்தால் அகார் துணுக்கிலும் ஒட்டிக் குழப்பும். அதனால் அந்த வேலைக்கு நான் தட்டிலிருந்து சுரண்டி எடுக்க மாட்டேன், திரவ ஊடகத்தில்தான் வளர்ப்பேன்.