அதிகம் பேசப்படாத பழைய ராக் இசைத்தட்டுகளில் உங்களுக்குப் பிடித்தது எது?

யோசிக்கவே வேண்டாம்: கிங்க்ஸ் குழுவின் ‘வில்லேஜ் கிரீன் பிரிசர்வேஷன் சொசைட்டி’. பிரிட்டனில் அது வெளியான நாள் 1968 நவம்பர் 22. பீட்டில்ஸின் வெள்ளை உறை இரட்டைத் தட்டு வந்ததும் அன்றுதான். தேர்த் திருவிழா அன்று பக்கத்துத் தெருவில் கச்சேரி வைத்த கதை. விற்பனைப் பட்டியலில் இடமே கிடைக்கவில்லை.

மற்றவர்கள் கிட்டாரை அலறவிட்டுக்கொண்டிருந்த காலத்தில், கிங்க்ஸின் பாடகர் ரே டேவிஸ் நீராவி ரயிலையும் பழைய புகைப்படங்களையும் பற்றிப் பாடினார். சிறுவயது நண்பன் வால்டரைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. இடி மழையில் கிரிக்கெட் ஆடியவன் இப்போது பருத்து, கல்யாணமாகி, எட்டரை மணிக்கே படுத்துவிடுவான் என்று கிண்டல் செய்கிறார்.

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன். எங்கள் லயம், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகள், இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. காலையில் தொழிலாளர்கள் பெயர் கொடுக்கக் கூடும் பெரட்டுக் களத்தில் என்னோடு பந்து உதைத்தவன் ஜொகூர் பாருவில் குடியிருந்துகொண்டு தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறான். தீபாவளி வாழ்த்து அனுப்புவதோடு சரி. இங்கிலாந்துக் கிராமத்தை நான் எங்கே கண்டேன்? ஆனாலும் அந்தப் பாட்டில்தான் ஊசியைத் திரும்பத் திரும்ப வைக்கிறேன்.

என்னிடம் இருப்பது மறுபதிப்பு. ஈப்போவில் எண்பது வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கியது. தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்த அப்பா விட்டுச்சென்ற தமிழ்ப் படத் தட்டுகளோடு அலமாரியில் நிற்கிறது. ஆம், நிற்கத்தான் வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் நம் ஊர் வெக்கைக்கு வளைந்துவிடும். உறையில் பிடிக்கும் பூஞ்சணத்தோடுதான் தீராத சண்டை.

அடுத்தது, விஷ்போன் ஆஷ் குழுவின் ‘ஆர்கஸ்’, 1972. கோயிலில் இரண்டு நாகஸ்வரம் சேர்ந்து வாசிப்பதுபோல இரண்டு கிட்டார்கள் ஒரே மெட்டைப் பிடித்துக்கொண்டு போகும். ஒரே சுரத்தில் அல்ல, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு. பின்னாளில் வந்த ஹெவி மெட்டல் குழுவான அயர்ன் மெய்டனின் ரசிகர்களுக்குத் தாத்தா வீட்டைப் பார்த்ததுபோல் இருக்கும். இரண்டாம் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

ஸோம்பீஸின் ‘ஒடெஸி அண்ட் ஆரகிள்’ தட்டும் 1968தான். அது கடைக்கு வருவதற்குள் குழுவே கலைந்துவிட்டது.

எங்கள் மலேசியக் குழு அல்லிகேட்ஸ் எங்கே என்று சண்டைக்கு வராதீர்கள். கேள்வி அதிகம் பேசப்படாதவற்றைப் பற்றி. அதைத் தொடங்கிய பினாங்கின் ஆறுமுகம் சகோதரர்களை இந்த நாட்டில் யார் மறந்தார்கள்?