வக்கீல் அலுவலகத்தில் சொன்னது வெளியே போனால்?

கேள்வி: நான் ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்தவள். என் கணவர் இந்து திருமணச் சட்டப்படி விவாகரத்து வழக்குத் தொடர்ந்திருக்கிறார். நான் ஜீவனாம்சம் கேட்டிருக்கிறேன். என் வழக்கறிஞர் அலுவலகத்தில் கேட்டபடி ஆதார், வங்கிக் கணக்கு விவரம், மன அழுத்தத்துக்கு நான் எடுத்த சிகிச்சையின் மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் குமாஸ்தாவின் சொந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பினேன். போன மாதம் சமரச மையத்தில், நான் எந்த மருத்துவரிடம் போனேன், என்ன மாத்திரை சாப்பிட்டேன் என்பதுவரை என் கணவர் சொன்னார். என் சம்பளமும் சேமிப்பும்கூட அவருக்குத் தெரிந்திருக்கிறது. போதாக்குறைக்கு, எனக்கு இடைக்கால ஜீவனாம்சம் கிடைத்த உத்தரவின் முதல் பக்கத்தை அலுவலகத்து ஜூனியர் ஒருவர் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் என் பெயரோடு வைத்துவிட்டார். வேறு வழக்கறிஞரிடம் போகலாம் என்று கேஸ் கட்டைக் கேட்டால், பாக்கிக் கட்டணம் தந்தால்தான் தருவோம் என்கிறார்கள். வீட்டை விட்டு வரும்முன் லாக்கரில் இருந்த என் நகைகளை எடுத்து அம்மா வீட்டில் வைத்ததையும் இந்த வழக்கறிஞரிடம் சொல்லியிருக்கிறேன். நான் மாறினால் அதை எதிர்த்தரப்பிடம் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. போலீசுக்குப் போவதா, நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவதா?

பதில்: உங்களைத் தூங்கவிடாமல் செய்வது நகை விஷயம்தான் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. அதை முதலில் முடித்துவிடுவோம்.

கட்சிக்காரர் தன் வழக்குக்காகச் சொன்ன எதையும், காட்டிய எந்த ஆவணத்தையும், அவருக்குத் தான் சொன்ன யோசனையையும்கூட, அவருடைய வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வழக்கறிஞர் வெளியிடக் கூடாது. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் இது 126-ஆவது பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் 132-ஆவது பிரிவாக இருக்கிறது. வழக்கறிஞரின் பணி முடிந்த பிறகும் இந்தக் கடமை தொடரும் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. நீங்கள் வக்காலத்தை மாற்றினாலும், கட்டணத்துக்காக இருவரும் முகம் கொடுத்துப் பேசாத நிலை வந்தாலும், அவர் வாய் கட்டப்பட்டதுதான். அதை அவிழ்க்கும் உரிமை உங்களிடம் இருக்கிறது, அவரிடம் இல்லை. அவர் உங்கள் கணவருக்காக இதே வழக்கில் ஆஜராகவும் முடியாது. ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவர் எதிர்த்தரப்புக்கு வாதாடக் கூடாது என்பது, வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சிலின் விதிகளில் 33-ஆவது விதி.

இதற்கு விதிவிலக்கு உண்டு. சட்டவிரோதமான காரியத்தைச் செய்வதற்காக வழக்கறிஞரிடம் பேசிய பேச்சுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. வழக்கை ஏற்றபின் நடக்கும் குற்றத்தையோ மோசடியையோ அவர் கண்ணால் கண்டால் அதற்கும் கிடையாது. உங்கள் நகையை நீங்கள் எடுத்து வைத்தது எந்த வகையிலும் குற்றம் ஆகாது. பெண்ணுக்குச் சீதனமாக வந்தது அவளுடைய தனிச்சொத்து என்பதை 1985-இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் "நகையே இல்லை என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதிவிடுங்கள்" என்று அவரிடம் கேட்டிருந்தால், அந்தப் பேச்சு ரகசியமாகாது. அப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஜீவனாம்ச வழக்கில் சொத்து விவரப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தாக வேண்டும். அதில் நகையை எழுதிவிடுங்கள், பயமும் போய்விடும்.

இந்தப் பிரமாணப் பத்திரத்தைக் காரணத்தோடுதான் இழுக்கிறேன். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா என்ற வழக்கில், ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் தங்கள் வருமானம், வங்கிக் கணக்குகள், முதலீடு, கடன், செலவு எல்லாவற்றையும் நிர்ணயித்த படிவத்தில் சத்தியம் செய்து தாக்கல் செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் நகல் எதிர்த்தரப்புக்குப் போகும். உங்களுக்கு இடைக்கால ஜீவனாம்சம் கிடைத்திருக்கிறது என்றால் நீங்களும் அதில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். உங்கள் சம்பளமும் சேமிப்பும் கணவருக்குத் தெரிந்தது இந்த வழியாகத்தான் இருக்கும், அதில் யார் மீதும் குற்றமில்லை. அந்தப் படிவத்தில் உடல்நலம், நோய் பற்றிய பகுதியும் இருக்கிறது. கையெழுத்துப் போடும்போது எத்தனை பேர் அதைப் படிக்கிறார்கள்? குமாஸ்தா விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்களே அதிகம். ஆகவே யார் மீதும் புகார் எழுதுமுன் நீதிமன்றத்தில் உங்கள் பிரமாணப் பத்திரம், எதிர் உரை, இணைப்பு ஆவணங்கள் ஆகியவற்றின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டு வாங்கி, வரி விடாமல் படியுங்கள். மருந்துச் சீட்டு அந்த இணைப்பில் போயிருந்தால், கசிவு என்ற கேள்வியே எழாது. உங்களைக் கேட்காமல் அதை ஏன் இணைத்தீர்கள் என்று உங்கள் வழக்கறிஞரை நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் அது வேறு சண்டை.

வேறு வழிகளையும் யோசித்துப் பாருங்கள். ஒரே வீட்டில் இருந்தபோது சிகிச்சை தொடங்கியதா? மருத்துவக் காப்பீடு கணவரின் அலுவலகம் வழியாக இருந்ததா? உங்கள் பழைய மின்னஞ்சல், கூகுள் கணக்கு அவர் போனில் இன்னும் திறந்தபடி இருக்கிறதா? குடும்ப வழக்குகளில் கசிவு என்று என்னிடம் வருகிறவற்றில் பெரும்பகுதி கடைசியில் இங்கேதான் போய் நிற்கிறது. கடவுச்சொற்களை இன்றே மாற்றுங்கள்.

இவை எதுவும் இல்லை, சீட்டு அலுவலகத்துக்கு மட்டுமே போனது என்று உறுதியானால் நிலைமை மாறுகிறது. குமாஸ்தாவுக்கு என்ன சட்டம் என்று அலட்சியமாகச் சொல்வார்கள். 132-ஆவது பிரிவு வழக்கறிஞரோடு நிற்பதில்லை. மொழிபெயர்ப்பாளர், குமாஸ்தா, அலுவலக ஊழியர் அனைவரையும் அதே கடமையில் சேர்த்துக் கட்டுகிறது. நம் ஊர் அலுவலகங்களில் கட்சிக்காரரின் ரகசியம் சீனியரின் அறையிலிருந்து வெளியே போவது அபூர்வம். அது போவது தட்டச்சுக் கடையின் கணினியில் விட்டுவந்த கோப்பிலிருந்து, ஜெராக்ஸ் கடையில் கூடுதலாக விழுந்த நகலிலிருந்து, நீதிமன்ற வளாகத்து டீக்கடையில் இரு தரப்புக் குமாஸ்தாக்களும் பேசிக்கொள்வதிலிருந்து. எதிர்த்தரப்புக் குமாஸ்தா பல சமயம் பல வருட நண்பராக இருப்பார். தீய எண்ணமே இல்லாமல்கூட விஷயம் கைமாறும். அதனால் பாதிப்பு குறைந்துவிடாது.

குமாஸ்தாவுக்கு அனுப்பியதை இப்போது அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். எந்தத் தேதியில், எந்த எண்ணுக்கு, எதை அனுப்பினீர்கள் என்பதற்கு அந்த உரையாடல்தான் உங்கள் கையில் உள்ள ஒரே சாட்சி. முழு உரையாடலையும் சேமித்து வையுங்கள், போனை மாற்றாதீர்கள். பின்னால் மின்னணு ஆவணமாகத் தாக்கல் செய்ய வேண்டி வந்தால் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவின்கீழ் சான்றிதழ் தேவைப்படும். அதன் பிறகு, குமாஸ்தாவின் போனில் இருப்பதை நீக்கும்படி அலுவலகத்துக்கு எழுத்தில் கேளுங்கள். இன்னொரு எச்சரிக்கை: சமரச மையத்தில் பேசப்பட்டவை ரகசியமானவை. கணவர் அங்கே சொன்னதை அப்படியே வழக்கில் எடுத்துவைக்க முடியாது.

ஸ்டேட்டஸ் விஷயத்தில் எனக்குக் கோபம் வருகிறது. இந்து திருமணச் சட்டத்தின் 22-ஆவது பிரிவுப்படி இத்தகைய வழக்கு மூடிய அறையில் நடக்க வேண்டும். நடவடிக்கை பற்றிய எதையும் அச்சிடவோ வெளியிடவோ கூடாது. நீதிமன்ற அனுமதியோடு உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை வெளியிடுவதற்கு மட்டுமே விலக்கு. மீறினால் அபராதம் ஆயிரம் ரூபாய் வரை. 1955-இல் அது பெரிய தொகையாக இருந்திருக்கலாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 'வெளியீடு' ஆகுமா என்று எதிர்த்தரப்பில் வாதம் வரும். முந்நூறு பேர் பார்க்கும்படி வைத்ததை வேறு என்னவென்று சொல்வது? அந்தப் பிரிவு ஒருபுறம் இருக்க, வழக்கு வெற்றியைக் காட்டி விளம்பரம் தேடுவதை பார் கவுன்சிலின் 36-ஆவது விதி தடுக்கிறது. ஸ்டேட்டஸின் ஸ்கிரீன்ஷாட் உங்களிடம் இல்லையென்றால், அதைப் பார்த்தவர் யாரிடமாவது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கேஸ் கட்டைத் தர மறுப்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. கட்டணம் பாக்கி என்பதற்காக வழக்குக் காகிதங்களைப் பிடித்துவைக்கும் உரிமை வழக்கறிஞருக்குக் கிடையாது என்று ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. பாக்கி உண்மையானால் அவர் தனியாக வழக்குப் போட்டு வசூலிக்கலாம். நீங்களும் உண்மையில் தர வேண்டியதைத் தந்துவிடுங்கள். அது இல்லாமல் மனத்தாங்கல் வளர்வதில் பயனில்லை. ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம் போடுங்கள்: அசல் ஆவணங்களின் பட்டியல், அவற்றை எந்தத் தேதிக்குள் தர வேண்டும், என் ஆவணங்களை இதுவரை யார் யாரிடம் கொடுத்தீர்கள், மாற்று வக்காலத்துக்குச் சம்மதம். சம்மதம் தர மறுத்தால், புது வழக்கறிஞர் காரணத்தைச் சொல்லி நீதிமன்ற அனுமதியோடு வக்காலத்துத் தாக்கல் செய்யலாம். இதற்காக ஒரு வாய்தாவைக்கூடத் தவறவிடாதீர்கள்.

நுகர்வோர் நீதிமன்றம் உதவாது. வழக்கறிஞரின் தொழில் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. காவல் நிலையத்துக்கு இப்போது போவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவில் மூன்று ஆண்டுவரை சிறைத்தண்டனை இருக்கிறது என்பது உண்மை. ஆனால் உங்கள் சம்மதம் இல்லாமலோ ஒப்பந்தத்தை மீறியோ, தவறான இழப்போ தவறான ஆதாயமோ ஏற்பட வேண்டும் என்ற எண்ணத்தோடோ ஏற்படும் என்று தெரிந்தோ தகவலைக் கொடுத்தார்கள் என்று நிரூபிக்க வேண்டும். சந்தேகத்தை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே போனால், உங்கள் மருந்துச் சீட்டை இன்னும் பத்துப் பேர் படிப்பார்கள்.

புதிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கடிதம் அதைப் பற்றித்தான் வரும். 2023-இல் இயற்றிய சட்டம் அது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகள் நடப்புக்கு வருவது பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில். சட்ட உரிமையை நிலைநாட்டத் தேவைப்படும் தகவல் கையாளுதலுக்கு அதில் பெரிய விலக்கு இருக்கிறது. ஆனாலும் தகவலைத் தகுந்த பாதுகாப்போடு வைத்திருக்கும் கடமைக்கு அந்த விலக்கு பொருந்தாது. அதை மீறினால் 250 கோடி ரூபாய்வரை அபராதம் என்று பத்திரிகைகள் எழுதின. அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும், உங்களுக்கு வராது.

உங்களுக்கு ஏற்ற இடம், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆவது பிரிவின்கீழ் புகார் தரலாம். கண்டிப்பு, தற்காலிகத் தடை, பதிவேட்டிலிருந்து நீக்கம் என மூன்று வகைத் தண்டனைகள் அதில் உண்டு. புகாரை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. முடியாவிட்டால் அது தில்லியில் உள்ள இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும். குமாஸ்தாவைத் தண்டிக்க பார் கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை. அவரை வேலைக்கு வைத்திருக்கும் வழக்கறிஞர் பதில் சொல்வார். என் யோசனை: ஸ்டேட்டஸ், கட்டைத் தர மறுத்தது இரண்டையும் முன்னால் வையுங்கள், இவற்றுக்கு ஆதாரம் இருக்கிறது. மருந்துச் சீட்டு விஷயத்தை, சான்றிட்ட நகலைப் படித்த பிறகு சேர்ப்பதா என்று முடிவு செய்யுங்கள்.

சிகிச்சை வெளியே தெரிந்ததால் வழக்கே போய்விடும் என்றும் எண்ண வேண்டாம். மனநோயைக் காரணமாக வைத்து விவாகரத்துக் கேட்க, சேர்ந்து வாழ்வதை எதிர்பார்க்கவே முடியாத அளவுக்கு அது இருக்க வேண்டும் என்கிறது இந்து திருமணச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு. மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டது அந்தக் கணக்கில் வராது.

அடுத்த அலுவலகத்தில் முதல் நாளே மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: ஆவணம் எந்த மின்னஞ்சலுக்கு வரும், அதை யார் திறப்பார்கள், வழக்கு முடிந்தபின் என்ன ஆகும். ஆதார் கேட்டால் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைத்த நகலைக் கொடுங்கள். மருத்துவக் காகிதம் எதையும் முன்கூட்டித் தர வேண்டாம். எந்த மனுவுக்கு, எதற்காக என்று சொன்ன பிறகு நேரில் சென்று சீனியர் கையில் கொடுங்கள், பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குங்கள்.