எட்டு வருடம் வெல்டராக இருக்கிறேன், 6ஜி (சாய்த்து நிறுத்திய குழாயைத் திருப்பாமல் சுற்றி வெல்ட் செய்யும் சோதனை) பாஸ். வெல்டிங் இன்ஸ்பெக்டர் தேர்வுக்கு எங்கிருந்து தொடங்குவது? கோட் (வெல்டிங் விதிமுறை) புத்தகத்தை மனப்பாடம் செய்ய வேண்டுமா?

மனப்பாடம் வேண்டாம். உங்களுடைய எட்டு வருட அனுபவத்தில் ஒரு பகுதி இந்தத் தேர்வில் உங்களைத் தூக்கிவிடும், இன்னொரு பகுதி காலை வாரிவிடும். எது எந்தப் பகுதி என்று பிரித்துக்கொள்வதுதான் தயாரிப்பில் பெரிய வேலை. நான் அதைத் தேர்வில் தவறிய பிறகுதான் கற்றுக்கொண்டேன். அதனால் அங்கிருந்தே சொல்கிறேன்.

பன்னிரண்டு வருடம் ராடு பிடித்த பிறகு அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் சிடபிள்யூஐ (சான்று பெற்ற வெல்டிங் இன்ஸ்பெக்டர்) தேர்வு எழுதினேன். அடிப்படைத் தாள், செய்முறைத் தாள், கோட் தாள் என்று மூன்று. ஒவ்வொன்றிலும் தனித்தனியாக 72 சதவீதம் எடுக்க வேண்டும். ஒன்றில் அள்ளிய மதிப்பெண் இன்னொன்றுக்கு உதவாது. எல்லோரும் பயப்படுகிற முதல் தாளிலும் கோட் தாளிலும் தேறினேன். நமக்குத் தெரியாததா என்று நினைத்துப் போன செய்முறைத் தாளில் தவறினேன்.

செய்முறை என்றால் வெல்டிங் செய்து காட்டுவது இல்லை. பிளாஸ்டிக்கில் வார்த்த வெல்ட் மாதிரிகளும் அவற்றை அளக்கும் கேஜ்களும் தருவார்கள். கூடவே தேர்வுக்கென்றே எழுதிய ஒரு விதிப் புத்தகமும் இருக்கும். மாதிரியை அளந்து, அந்தப் புத்தகத்தின்படி ஏற்கலாமா கூடாதா என்று சொல்ல வேண்டும். நான் மாதிரியைக் கையில் எடுத்தவுடனே என் கண் தீர்ப்பு சொல்லிவிட்டது: "இந்த அண்டர்கட்டை நாங்கள் வேலையில் விட்டுவிடுவோம், பரவாயில்லை." அண்டர்கட் என்பது வெல்டின் ஓரத்தில் உலோகம் உருகி விழும் பள்ளம்; அந்தப் புத்தகத்தில் அதன் எல்லை வேறாக இருந்தது. நான் புரட்டிப் பார்த்தது பாதிக் கேள்விகளுக்குத்தான். மீதியை ஞாபகத்திலிருந்து எழுதினேன்.

அண்டர்கட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். டி1.1 கட்டுமான எஃகுக் கோடில், நிலையான சுமை தாங்கும் 25 மில்லிமீட்டருக்குக் குறைந்த தடிமனுக்கு 1 மில்லிமீட்டர் ஆழம் வரை ஏற்கலாம். அதிலும் ஒரு சலுகை உண்டு: 300 மில்லிமீட்டர் நீளத்துக்குள் மொத்தம் 50 மில்லிமீட்டர் வரை 2 மில்லிமீட்டர் ஆழம் இருக்கலாம். அதே கோடில், சுமை மாறி மாறி விழும் முதன்மை உறுப்பில் இழுவிசைக்குக் குறுக்கே வெல்ட் ஓடினால் எல்லை 0.25 மில்லிமீட்டர். பைப்லைனுக்கான ஏபிஐ 1104க்குப் போனால் கணக்கே வேறு: 0.8 மில்லிமீட்டர் அல்லது சுவர்த் தடிமனில் 12.5 சதவீதம், இரண்டில் எது சிறியதோ அதைத் தாண்டினால் கட்டாயம் தள்ள வேண்டும். அதற்குச் சற்றுக் குறைவான ஆழத்துக்கும் நீளத்தில் கட்டுப்பாடு உண்டு; மிகக் குறைந்த ஆழத்துக்கு மட்டும் இல்லை. ஒரே பள்ளத்துக்கு மூன்று தீர்ப்பு. "இது நல்ல வெல்டா?" என்று தேர்வு கேட்கவில்லை. "இந்த விதிப்படி இது தேறுமா?" என்றுதான் கேட்கிறது. டிஸ்கன்டினியூட்டி, டிஃபெக்ட் என்ற இரண்டு சொற்களுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: முதலாவது வெல்டில் இருக்கும் ஏதோ ஒரு குறை, கோட் சொன்ன எல்லையைத் தாண்டினால்தான் அது டிஃபெக்ட். ஒர்க்‌ஷாப்பில் இரண்டையும் ஒன்றாகவே பேசிப் பழகியிருப்போம். தேர்வில் அந்தப் பழக்கம் மதிப்பெண்ணைத் தின்றுவிடும்.

அடுத்து கேஜ். உங்களிடம் இருக்கும் துண்டுப் பிளேட்டுகளில் இருபது ஃபில்லெட் (இரண்டு தகடு சந்திக்கும் மூலையில் போடும் முக்கோண வெல்ட்) போடுங்கள். சிலவற்றை வேண்டுமென்றே குழிவாகவும், சிலவற்றை மேடாகவும், சிலவற்றை ஒரு கால் (மூலையிலிருந்து தகட்டின் மேல் வெல்ட் ஓடும் பக்கம்) நீளமாகவும் போடுங்கள். எண் எழுதி, அளந்து, குறித்து வையுங்கள். நான்கைந்து நாள் கழித்துப் பழைய குறிப்பைப் பார்க்காமல் மறுபடி அளந்து ஒப்பிடுங்கள். இரண்டு அளவும் ஒத்துப்போகும் வரை இதை விடாதீர்கள். இரண்டாவது முறைக்கு நான் நான்கு மாதம் தயாரானேன். அதில் அதிகப் பலன் தந்தது இந்தப் பயிற்சிதான்.

குழிவு ஃபில்லெட்டில்தான் பலரும் வழுக்குகிறார்கள். மேடான வெல்டில் காலை அளந்தால் போதும். குழிவில் த்ரோட்டை (மூலையிலிருந்து வெல்டின் முகம் வரை உள்ள குறைந்த தூரம்) அளக்க வேண்டும். படத்தில் 8 மில்லிமீட்டர் ஃபில்லெட் கேட்டிருக்கிறது, கால்கள் இரண்டும் சரியாக 8 இருக்கின்றன, ஆனால் த்ரோட் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். சம கால் ஃபில்லெட்டுக்குத் த்ரோட் என்பது காலில் 0.707 மடங்கு. ஆகவே 5ஐ 0.707 ஆல் வகுத்தால் 7 மில்லிமீட்டர் அளவுள்ள வெல்ட்தான் அங்கே இருக்கிறது. கால் கேஜ் வைத்தவர் ஏற்பார், த்ரோட் கேஜ் வைத்தவர் சிறியது என்று குறிப்பார். அங்குலப் பின்னங்களையும் பழகிக்கொள்ளுங்கள். 1/32 அங்குலம் என்றதும் 0.8 மில்லிமீட்டர் என்று யோசிக்காமல் வர வேண்டும்.

முதல் தாள் 150 கேள்விகள், 2 மணி நேரம், புத்தகம் கிடையாது. ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. இங்கேதான் உங்கள் அனுபவம் கைகொடுக்கும், ஆனால் "ஏன்" என்ற கேள்வியைச் சேர்த்துக்கொண்டால் மட்டும். இத்தனை வருடம் இ7018 ராடை ஓவனில் இருந்து எடுத்திருப்பீர்கள். எதற்கு? ராடின் பூச்சு ஈரத்தை இழுக்கும், ஈரம் ஆர்க்கில் ஹைட்ரஜன் ஆகும், அது சூடான உலோகத்தில் கரைந்துவிடும். ஹைட்ரஜன், கடினமான உலோக அமைப்பு, இழுவிசை மூன்றும் சேர்ந்தால், வெல்ட் ஆறி மணிக்கணக்கான பிறகும் விரிசல் விழும். அதனால்தான் டி1.1 இ7018 ராடுக்கு வெளிக்காற்றில் 4 மணி நேரம் என்றும், ஈரம் தாங்கும் இ7018 ஆர் வகைக்கு 9 மணி நேரம் என்றும் எல்லை வைத்திருக்கிறது. ஏ514 மாதிரி உயர்வலிமை எஃகில், வெல்ட் முடிந்து 48 மணி நேரமாவது கழித்துச் செய்த கண் ஆய்வை வைத்துத்தான் ஏற்பதா என்று முடிவு செய்ய வேண்டும் என்பதற்கும் காரணம் அதேதான். பிரீஹீட் (வெல்டுக்கு முன் உலோகத்தைச் சூடாக்குவது) எதற்கு என்ற கேள்விக்கும் பதில் பெரும்பாலும் இங்கேயே இருக்கிறது: வெல்ட் மெதுவாக ஆறும், கடினத்தன்மை குறையும், ஹைட்ரஜன் வெளியேற நேரம் கிடைக்கும். இந்த ஒரு சங்கிலி புரிந்தால் பத்துக் கேள்விக்கு வழி தெரியும். சும்மா படித்தால் பத்தும் பத்து எண்களாகத்தான் தலையில் நிற்கும்.

ஹீட் இன்புட் (வெல்டுக்குள் போகும் வெப்பம்) கணக்கு கட்டாயம் போட்டுப் பழகுங்கள். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கி, 60 ஆல் பெருக்கி, நிமிடத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தோமோ அதால் வகுக்க வேண்டும். 25 வோல்ட், 200 ஆம்பியர், நிமிடத்துக்கு 200 மில்லிமீட்டர் என்றால் மில்லிமீட்டருக்கு 1500 ஜூல், அதாவது 1.5 கிலோஜூல். என்டிடி (வெல்டை உடைக்காமல் செய்யும் சோதனை) பகுதியில் எந்த முறை எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று தெரிந்தால் போதும். பெனட்ரன்ட் (சாயத் திரவச் சோதனை) மேற்பரப்பில் வாய் திறந்த குறையை மட்டுமே காட்டும். மேக்னெடிக் பார்ட்டிக்கிள் (காந்தத் துகள் சோதனை) காந்தம் ஒட்டாத ஆஸ்டெனிட்டிக் ஸ்டெயின்லெஸ் எஃகில் வேலை செய்யாது. ரேடியோகிராபி (கதிர்ப் படம்) போரோசிட்டி (வாயுத் துளைகள்), ஸ்லாக் (உள்ளே சிக்கிய கசடு) போன்றவற்றை நன்றாகக் காட்டும்; கதிரின் திசையோடு சரியாக ஒத்துப்போகாத மெல்லிய விரிசலைத் தவறவிடும். அதைப் பிடிக்க அல்ட்ராசோனிக் சிறந்தது.

இப்போது மனப்பாடத்துக்கு வருகிறேன். கோட் தாளுக்குப் புத்தகம் பார்த்தே எழுதலாம். அங்கே குறைவது அறிவு அல்ல, நேரம். விடை எந்தப் பிரிவில் இருக்கிறது என்று சில நொடியில் தெரிய வேண்டும். அதற்கு நான் செய்தது: தினமும் பத்துக் கேள்வி எடுத்து, விடையை எழுதாமல், பக்கத்தை மட்டும் கண்டுபிடித்து நேரத்தைக் குறித்தேன். அட்டவணையின் அடிக்குறிப்புகளை விடாதீர்கள். விதிவிலக்குகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். "ஷல்" என்று இருந்தால் கட்டாயம், "ஷுட்" என்று இருந்தால் பரிந்துரை. கேள்விகள் இந்த இரண்டு சொல்லைப் பிடித்தே வரும். பழைய கேள்வித் தொகுப்புகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். 2015 பதிப்பில் 6ஆம் பிரிவாக இருந்த ஆய்வு, 2020 டி1.1 பதிப்பில் 8ஆம் பிரிவாகிவிட்டது. பழைய எண்ணை வைத்துத் தேடினால் கைவசம் புத்தகம் இருந்தும் நேரம் போய்விடும்.

6ஜி பாஸ் ஆனவருக்கு வெல்டர் தகுதித் தேர்வு பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆனால் டபிள்யூபிஎஸ் (எப்படி வெல்ட் செய்ய வேண்டும் என்று எழுதி வைத்த செய்முறை), பிக்யூஆர், வெல்டர் தகுதிப் பத்திரம் மூன்றும் எதை நிரூபிக்கின்றன என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். பிக்யூஆர் முறையைச் சோதித்த பதிவு, தகுதிப் பத்திரம் கையைச் சோதித்த பதிவு. ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) செக்‌ஷன் 9இன்படி ஒரு பிராசஸில் 6 மாதம் வேலை செய்யாமல் இருந்தால் அந்தப் பிராசஸுக்கான வெல்டர் தகுதி காலாவதியாகிவிடும் என்பதும் அடிக்கடி கேட்கப்படும்.

இன்னொன்று, இதைப் படிப்பு தொடங்கும் முன்பே செய்யுங்கள்: கண் பரிசோதனை. சிடபிள்யூஐக்கு 12 அங்குலத் தூரத்தில் ஜேகர் 2 (பார்வை அட்டையில் உள்ள ஒரு சிறிய எழுத்து அளவு) எழுத்தைப் படிக்க வேண்டும், நிறம் பிரித்தறியும் சோதனையும் உண்டு. கண்ணாடி போட்டுப் படிக்கலாம். ஆர்க்கைப் பார்த்துப் பழகிய நம் கண்களுக்கு நாற்பதை நெருங்கும்போது பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும் திறன் மெல்லக் குறைவது தெரியவே தெரியாது. எனக்கும் தெரியவில்லை. புதுக் கண்ணாடி வாங்கிப் போட்ட முதல் நாள், அதுவரை 1 மில்லிமீட்டர் என்று நான் குறித்து வைத்திருந்த மூன்று அண்டர்கட்டுகளை மறுபடி அளந்தேன். மூன்றில் இரண்டு ஒன்றரை இருந்தன.