ஜேசிபி வாடகை: மணிக்கு எவ்வளவு என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்

கேள்வி: சொந்த மனையில் வீடு கட்டப் போகிறோம். பில்லர் குழி 12. ஒவ்வொன்றும் ஐந்துக்கு ஐந்து, ஆழம் ஐந்து அடி. ஒருவர் ஜேசிபிக்கு மணிக்கு 1,200 ரூபாய் சொல்கிறார். வண்டி 25 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. கிளம்பியதிலிருந்து மனை வந்து, திரும்பிப் போகும்வரை கணக்கு என்கிறார். உள்ளூர்க்காரர் 1,400 கேட்கிறார். மனையில் இறங்கிய பிறகுதான் கணக்கு. யாரைக் கூப்பிடலாம்?
- வாசகர், திண்டிவனம்

பதில்: உள்ளூர்க்காரரை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஜேசிபி சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்தாலும், வரப் போக 100 நிமிடம். மண்ணில் பக்கெட் படுவதற்கு முன்பும் பின்பும் சேர்த்து 2,000 ரூபாய் ரோட்டிலேயே போய்விடும். மூன்று மணி நேர வேலை என்றால் 1,200 சொன்னவருக்கு 5,600, உள்ளூர்க்காரருக்கு 4,200.

அந்த மூன்று மணி நேரம் எங்கிருந்து வந்தது என்பீர்கள். ஒரு குழி 125 கன அடி. 12 குழிக்கு 1,500, அதாவது 15 யூனிட் (நூறு கன அடி ஒரு யூனிட்). பின்பக்கப் பக்கெட் ஒரு தடவைக்கு ஏறக்குறைய 9 கன அடி அள்ளும். ஏறக்குறைய 170 வாரல். வாரலுக்கு 25 விநாடி என்றால் 70 நிமிடத்தில் முடிய வேண்டும். ஆனால் முடியாது. குழிக்குக் குழி வண்டி நகர வேண்டும், கால் ஊன்ற வேண்டும், மண்ணைத் தள்ளிக் கொட்ட வேண்டும். அதனால்தான் இரண்டரையிலிருந்து மூன்று என்கிறேன். செம்மண், களிமண்ணுக்கு இது பொருந்தும். பாறை தட்டினால் அதை உடைக்கும் பிரேக்கர் மாட்ட வேண்டும். அதற்குத் தனி ரேட். முதலிலேயே கேட்டு வையுங்கள்.

நான் பார்த்தவரை, பணம் போவது ரேட்டில் அல்ல, வண்டி சும்மா உறுமிக்கொண்டு நிற்கும் நேரத்தில்தான். மேஸ்திரி பத்து மணிக்கு வருவார், வண்டி எட்டு மணிக்கே நிற்கும். குறி போடாமல் இருக்கும். செங்கல் குவியல் வழியில் கிடக்கும். முதல் நாள் மாலையே சுண்ணாம்புத் தூளால் குறி போட்டு, மேஸ்திரியைக் காலையில் வண்டிக்கு முன்னால் வரச் சொல்லுங்கள். வண்டியின் அகலமே ஏழடிக்கு மேல். ஒன்பது அடிச் சந்து இல்லையென்றால் மினி எக்ஸ்கவேட்டரைத் தேடுங்கள். மேலே போகும் மின்கம்பியையும் பார்த்துவிடுங்கள், இயந்திரத்தின் கை உயர்ந்தால் அதுதான் முதலில் தட்டும்.

கடைசி அரை அடியை ஆள் வைத்து வெட்டுங்கள். ஆபரேட்டர் ஆர்வத்தில் ஒரு அடி கூடுதலாகத் தோண்டிவிட்டால், அந்தப் பள்ளத்தைக் கான்கிரீட்டால்தான் நிரப்ப வேண்டிவரும். அந்தச் செலவுக்கு முன்னால் நீங்கள் மிச்சம் பிடித்த வாடகை ஒன்றுமே இல்லை.

பேசும்போது நான்கு விஷயங்களை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்: குறைந்தபட்ச மணி நேரம் உண்டா, டீசல் யாருடையது, ஆபரேட்டர் பேட்டா தனியா, பக்கத்து வீட்டுச் சுவர் இடிந்தால் யார் பொறுப்பு. நான்காவதைக் கேட்கும்போது வண்டியின் இன்சூரன்ஸ் தாளையும் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் வேறு வண்டி பாருங்கள்.

கேள்வி: வாடகைக்கு எடுத்த ஜேசிபியின் மணி மீட்டரில் ஆரம்பம் 4,212.3, முடிவு 4,215.7. மூன்று மணி நாற்பது நிமிடம் என்று 1,300 ரேட்டில் வாங்கிவிட்டார். என் கைக்கடிகாரத்தில் அவ்வளவு இல்லை.
- வாசகி, துறையூர்

பதில்: உங்கள் கடிகாரம் சரி. புள்ளிக்குப் பின்னால் இருப்பது நிமிடமல்ல, மணியில் பத்தில் ஒரு பங்கு. ஒரு எண்ணுக்கு 6 நிமிடம். 3.4 என்றால் 3 மணி 24 நிமிடம். 16 நிமிடத்துக்கு ஏறக்குறைய 347 ரூபாய் அதிகம் கொடுத்திருக்கிறீர்கள். ஏமாற்று என்று சொல்லமாட்டேன். பல ஆபரேட்டர்களே இப்படித்தான் நம்புகிறார்கள். உரிமையாளரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிக் கேளுங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சொந்த வீட்டு வேலை என்பதால் நீங்கள் நுகர்வோர்தான். வியாபாரத்துக்காக எடுத்திருந்தால் கதை வேறு. அடுத்த முறை தொடக்கத்திலும் முடிவிலும் மீட்டரைப் படம் எடுத்துவிடுங்கள். டீ குடிக்கப் போகும்போது இன்ஜினை அணைக்கச் சொல்லவும் தயங்காதீர்கள். இன்ஜின் ஓடும்வரை மீட்டரும் ஓடும்.

கேள்வி: இரண்டு ஏக்கரில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. எடுத்துவிட்டுச் சமன் செய்ய எந்த இயந்திரம்?
- விவசாயி, முதுகுளத்தூர்

பதில்: பிடுங்க ஹிட்டாச்சி (சங்கிலிப் பட்டையில் நகரும் எக்ஸ்கவேட்டர்), சமன் செய்ய டோசர் (முன்பக்கத் தகட்டால் மண்ணைத் தள்ளும் இயந்திரம்). ஜேசிபியால் இரண்டையும் செய்ய முடியும், ஆனால் நேரம் தின்னும். ஹிட்டாச்சி தானாக ரோட்டில் வராது. டிரெய்லரில் ஏற்றிவர வேண்டும். அந்த ஏற்றுக்கூலியைப் பக்கத்து நிலத்துக்காரரோடு பங்கு போடுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை விவசாய நிலத்துக்கு இந்த இயந்திரங்களை வாடகைக்குத் தருகிறது. உழவன் செயலியில் பதியலாம், தனியாரைவிட மலிவு. முறை வரக் காத்திருக்க நேரலாம், அதனால் கோடையிலேயே பதிந்து வையுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. உங்கள் பக்கத்தில் கரிமூட்டம் போடுபவர்கள் இருப்பார்கள். அவர்களைக் கூப்பிட்டு மரத்தை முதலில் வெட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். உங்களுக்குக் காசும் வரலாம். பிறகு இயந்திரத்துக்குத் தூரும் வேரும் மட்டும்தான் மிச்சம். தூரை மட்டும் முழுதாகப் பிடுங்கவில்லையென்றால் அடுத்த மழைக்கே மறுபடி தழைத்து நிற்கும்.