மண் சாலையைச் சரிசெய்ய யாரைக் கேட்பது? டெக்சஸ் கிராமத்து கவுன்டி எப்படி நடக்கிறது?

கேள்வி: டெக்சஸில், ஆஸ்டினிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில், ஒரு கிராமப்புற கவுன்டியில் 11 ஏக்கர் வாங்கி வீடு கட்டிக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. வீட்டுக்கு வரும் மண் சாலை ஒவ்வொரு மழைக்கும் அரித்துப் போகிறது. தினமும் அதில் நடப்பவர் என் அப்பா; அவருக்குத் தமிழ்தான் வரும். கவுன்டி ஜட்ஜ், கமிஷனர்கள் என்று ஐந்து பேருக்கும் சேர்த்து மூன்று இமெயில் போட்டேன். பதில் இல்லை. "கமிஷனர்ஸ் கோர்ட் கூட்டத்துக்கு வாருங்கள்" என்கிறார் பக்கத்து நிலத்துக்காரர். அஜெண்டாவைப் பார்த்தால் ஒன்றும் புரியவில்லை. கோர்ட் என்பதால் வக்கீல் வேண்டுமா? நான் இன்னும் குடியுரிமை வாங்கவில்லை. பேச விடுவார்களா? இவ்வளவு வரி கட்டியும் ஒரு சாலை இல்லையே!

பதில்: வக்கீல் வேண்டாம். கமிஷனர்ஸ் கோர்ட் என்பது பெயரில்தான் கோர்ட். உண்மையில் அது, நம்மூர் மாவட்டம் மாதிரியான கவுன்டியின் நிர்வாகக் குழு. 1876-ஆம் ஆண்டு அரசியல் சாசனம் போட்ட அமைப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. கவுன்டியை நான்கு பிரீசிங்ட்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கமிஷனர். கவுன்டி முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும் கவுன்டி ஜட்ஜ் தலைமையில் உட்காருவார். மொத்தம் ஐந்து பேர், நான்கு வருடப் பதவி. டெக்சஸின் 254 கவுன்டிகளுக்கும் இதே அச்சுதான். 2020 கணக்கெடுப்பில் 64 பேர் மட்டுமே இருந்த லவிங் கவுன்டிக்கும் ஐந்து பேர்; அதே கணக்கெடுப்பில் 47 லட்சம் பேர் இருந்த ஹாரிஸ் கவுன்டிக்கும் ஐந்து பேர்.

நான் ஒரு கிராமப்புற கவுன்டியின் கணக்குப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன். நம்மூர்க்காரர்கள் எல்லாரும் முதலில் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். ஊரில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுத்தால், அவர் அதில் கையெழுத்துப் போட்டு எந்தத் துறைக்கு வேண்டுமானாலும் அனுப்புவார். இங்கே அப்படி ஒரு கலெக்டர் கிடையாது. ஷெரிஃப், கவுன்டி கிளார்க், டிரெஷரர், வரி வசூல் அதிகாரி எல்லாரும் தனித்தனியாக மக்கள் ஓட்டில் வந்தவர்கள். கவுன்டி ஜட்ஜ் அவர்களுக்கு மேலதிகாரி இல்லை. கணக்கைத் தணிக்கை செய்யும் ஆடிட்டரைக்கூட கமிஷனர்கள் நியமிப்பதில்லை. மாவட்ட நீதிபதிகள்தான் நியமிக்கிறார்கள். ஆகவே உங்கள் வேலை யார் கையில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி முடிந்த மாதிரி.

சாலை விஷயத்தில் அதைவிட முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது: அந்தச் சாலை யாருடையது?

எஃப்.எம். (ஃபார்ம் டு மார்க்கெட்) என்ற எண்ணோடு இருந்தால் அது மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலை. கவுன்டிக்கு அதில் கை கிடையாது. சி.ஆர். என்று எண் இருந்தால் பெரும்பாலும் கவுன்டி சாலை. சிக்கல் மூன்றாவது வகையில்தான் வரும். 911 அவசர அழைப்புக்கு முகவரி வேண்டும் என்பதற்காகத் தனியார் வழிகளுக்கும் பெயர் வைத்துப் பலகை நட்டிருப்பார்கள். பலகையைப் பார்த்து கவுன்டி சாலை என்று நினைத்துவிடக் கூடாது. தபால் வண்டி வருவதும் பள்ளிப் பேருந்து வருவதும்கூட ஆதாரம் இல்லை. மனையைப் பிரித்து விற்றவர் பிளாட் என்ற மனை வரைபடத்தைப் பதிவு செய்திருக்கலாம். ஆனால் பராமரிப்புக்கு ஏற்றுக்கொள்கிறோம் என்று கமிஷனர்ஸ் கோர்ட் தனியாகத் தீர்மானம் போட்டிருக்க வேண்டும். 50,000 பேருக்கு மேல் இல்லாத கவுன்டிகளில் சட்டம் இன்னும் கறார்: பொதுச் சாலையாகக் கொடுக்கிறேன் என்று வாயால் சொன்னது செல்லாது, எழுத்தில் வேண்டும்.

இதைத் தெரிந்துகொள்ள கவுன்டி கிளார்க் அலுவலகத்துக்குப் போங்கள். கமிஷனர்ஸ் கோர்ட்டின் பழைய நடவடிக்கைக் குறிப்புகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. சாலைப் பெயரையும் மனைப்பிரிவின் பெயரையும் சொல்லி, பராமரிப்புக்கு ஏற்ற தீர்மானம் இருக்கிறதா என்று கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டுக் கிடைக்காவிட்டால் பொதுத் தகவல் சட்டத்தின்கீழ் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

தனியார் வழி என்று தெரிந்தால் கமிஷனரிடம் கோபப்பட்டுப் பயன் இல்லை. பொதுப் பணத்தைத் தனியார் நன்மைக்குச் செலவழிக்க அரசியல் சாசனமே தடை போட்டிருக்கிறது. தெரிந்தவர் ஆயிற்றே என்று ஒருவருடைய வழியில், மண்ணைச் சமன் செய்யும் கவுன்டி கிரேடர் வண்டியை இறக்கினால் கமிஷனர் மீதே வழக்கு வரும். அந்த வகையில் வந்தால் என்ன செய்யலாம் என்று கடைசியில் சொல்கிறேன்.

கவுன்டி சாலைதான் என்று வைத்துக்கொள்வோம். இப்போது உங்கள் பிரீசிங்ட் கமிஷனருக்கு போன் செய்யுங்கள். கிராமப்புற கவுன்டிகள் பலவற்றில் அந்தந்தப் பிரீசிங்ட்டின் கிரேடர், டம்ப் டிரக், நான்கைந்து ஆட்கள், ஒரு கொட்டகை எல்லாம் அவர் பொறுப்பில்தான். பல சமயம் போனை அவரே எடுப்பார். ஐந்து பேருக்கும் ஒரே இமெயில் போட்டது நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் மூன்று பேர் அதில் ஆளுக்கொரு பதில் போட்டு விவாதித்தாலே அது அறிவிப்பு இல்லாத கூட்டம் ஆகிவிடும், திறந்த கூட்டச் சட்டத்தை மீறியதாகும். பயந்துகொண்டே யாரும் வாய் திறக்காமல் இருந்திருக்கலாம்.

போனில் "சாலை மோசம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். மழை நின்ற அரை மணிக்குள் குடையோடு போய்ப் பாருங்கள். நல்ல மண் சாலைக்கு நடுவில் முதுகு இருக்கும். கிரேடரின் பிளேடு மண்ணை ஓரத்திலிருந்து இழுத்து நடுவை உயர்த்தி, தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து ஓரப் பள்ளத்தில் விழும்படி சாய்த்திருக்கும். அந்த முதுகு தேய்ந்து தட்டையாகிவிட்டால், அல்லது பள்ளம் புல்லும் மண்ணும் அடைத்துக் கிடந்தால், தண்ணீர் சாலையையே வாய்க்காலாக்கிக்கொண்டு ஓடும். அரிப்புக்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். எந்த இடத்தில் தண்ணீர் சாலைக்குள் ஏறுகிறது என்று படம் எடுத்து அனுப்பினால், இரண்டு லோடு கலீச்சி (சாலையில் கொட்டும் சுண்ணாம்பு மண்) போதுமா, தண்ணீர் அடியில் போகக் குழாய் புதைக்க வேண்டுமா என்று அவருக்கே தெரிந்துவிடும். இன்னொன்று, உங்கள் வீட்டு வாசலுக்குள் திரும்பும் இடத்தில் புதைத்த குழாயையும் பாருங்கள். பல கவுன்டிகளில் அது வீட்டுக்காரர் பொறுப்பு. அது அடைத்திருந்து தண்ணீர் சாலைக்குத் திரும்பியிருந்தால், முதலில் அதைச் சரிசெய்துவிட்டுப் போன் செய்வது மரியாதை.

இதிலும் நடக்கவில்லையென்றால் கூட்டத்துக்குப் போக வேண்டியதுதான். சாதாரணமாக வார நாளில் காலை 9 மணிக்கு, கவுன்டி தலைமையிட ஊரின் கோர்ட்ஹவுஸில் நடக்கும். ஒருநாள் லீவு போட நேரும். 2025 செப்டம்பரிலிருந்து, கூட்ட அறிவிப்பு மூன்று வேலை நாளுக்கு முன்பே ஒட்டப்பட வேண்டும். அஜெண்டாவில் இல்லாத விஷயத்தை அவர்கள் விவாதிக்கவோ முடிவெடுக்கவோ கூடாது. பொதுமக்கள் பேசும் நேரத்தில் நீங்கள் எழுந்து சாலையைப் பற்றிச் சொன்னால், ஐந்து பேரும் கல் மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மனம் நொந்துபோக வேண்டாம். தெரிந்த தகவலைச் சொல்லலாம், இருக்கும் விதியை வாசித்துக் காட்டலாம், அடுத்த அஜெண்டாவில் சேர்க்கச் சொல்லலாம். அதற்கு மேல் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அதனால் உங்கள் கமிஷனரையோ கவுன்டி ஜட்ஜ் அலுவலகத்தையோ முன்கூட்டியே கேட்டு, சாலைப் பெயரோடு ஒரு வரியை அஜெண்டாவில் போடச் சொல்லுங்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு பாடும்.

குடியுரிமை பற்றிக் கேட்டீர்கள். அஜெண்டாவில் உள்ள ஒவ்வொரு விஷயத்திலும், அதை எடுத்துக்கொள்வதற்கு முன்போ எடுக்கும்போதோ, பேச விரும்பும் பொதுமக்கள் எவரையும் பேச விட வேண்டும் என்று 2019-இல் சட்டம் வந்தது. ஓட்டுப் போடுபவர்தான் பேசலாம் என்று அதில் இல்லை. நேர வரம்பு வைக்கலாம். மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசுபவருக்குக் குறைந்தது இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. உங்கள் அப்பா தமிழில் பேச, நீங்கள் ஆங்கிலத்தில் சொன்னாலும் சரி. அந்த வழியில் தினமும் நடப்பவர் அவர்தானே.

இனி அஜெண்டா. முதல் பக்கத்தில் போன கூட்டத்தின் குறிப்பை ஏற்பது, பில்களுக்குப் பணம் கொடுப்பது, சம்பளப் பட்டியல், டிரெஷரர் அறிக்கை இவையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரே ஓட்டில் போகும். வேகமாகத் தாண்டலாம். ஆனால் "பட்ஜெட் திருத்தம்" அல்லது "கணக்குத் தலைப்பு மாற்றம்" (லைன் ஐட்டம் டிரான்ஸ்ஃபர்) என்று வரும் வரியில் நில்லுங்கள். உங்கள் பிரீசிங்ட்டில் குழாய் வாங்க ஒதுக்கிய பணத்திலிருந்து டீசலுக்கு மாற்றுகிறார்கள் என்றால், குழாய்க்கு இந்த வருடம் பணம் குறைகிறது என்று அர்த்தம். கணக்குப் பிரிவில் இருந்தபோது, ஒரு கமிஷனர் "அடுத்த மாதம் குழாய் வந்துவிடும்" என்று ஒரு பாட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்த அதே வாரத்தில் குழாய்த் தலைப்பில் பணம் காலியானதைக் காட்டும் தாள் என் மேசையில் இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை, மறந்துவிட்டார். அந்தப் பாட்டிக்கு அந்தத் தாளைப் படிக்கத் தெரிந்திருந்தால் அன்றே கேட்டிருப்பார். எனக்கு இன்னும் அது உறுத்துகிறது.

புது மனைப்பிரிவுக்கு பிளாட் அனுமதி என்று வந்தால் எந்தச் சாலை வழியாக லாரி வரும் என்று பாருங்கள். மூடிய அறையில் பேசப் போகிறோம் என்று வருவது வக்கீல் ஆலோசனை, நிலம் வாங்குவது, ஊழியர் விஷயம் போன்றவற்றுக்கு. ஓட்டு மட்டும் வெளியே வந்துதான் போட வேண்டும். தீ மூட்டத் தடை என்ற வரியையும் விடாதீர்கள். ஒரு முறை போட்டால் 90 நாள் வரை நீடிக்கும், மீறினால் 500 டாலர் வரை அபராதம். போகிக்கு எதையாவது கொளுத்தும் வழக்கம் இருந்தால் முதலில் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வரி பற்றிய உங்கள் ஆதங்கம் நியாயம்தான். ஆனால் பில்லை எடுத்துப் பாருங்கள்: பெரும்பகுதி பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டம் என்ற தனி அமைப்புக்குப் போகிறது, கவுன்டியின் பங்கு அதில் ஒரு துண்டு. நிலத்துக்கு மதிப்புப் போடுவதும் கவுன்டி இல்லை, அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் என்ற தனி அமைப்பு. மதிப்பு அதிகம் என்றால் அங்கேதான் ஆட்சேபம் கொடுக்க வேண்டும், மே 15 அல்லது நோட்டீஸ் அனுப்பிய 30 நாளுக்குள், எது பிந்தியதோ அதற்குள். காருக்கு வருடா வருடம் பதிவு செய்யும்போது பல கவுன்டிகள் சாலைக்கென்று 10 டாலர் வரை வாங்குகின்றன, அது சாலைக்கே போகும்.

சாலைக்குப் பெரிய வேலை வேண்டுமென்றால் காலம் முக்கியம். பல கவுன்டிகளுக்கு நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்குகிறது. அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் ஜூலை 25-க்குள் மொத்த மதிப்பைச் சான்று செய்து கொடுக்கும். பிறகு ஆகஸ்டு முழுவதும் பட்ஜெட் பேச்சுதான். நவம்பரில் போய்க் கேட்டால் நல்லவரான கமிஷனரும் கையை விரிப்பார். ஜூன் மாதமே எழுத்தில் கொடுங்கள், சாலையில் உள்ள அண்டை வீட்டார் கையெழுத்தோடு. இன்னொரு நுணுக்கம்: சாதாரண முடிவுக்கு மூன்று பேர் இருந்தால் கூட்டம் நடக்கும், ஆனால் வரி போட நான்கு பேராவது இருக்க வேண்டும். அதனால் வரி விகிதம் ஓட்டுக்கு வரும் கூட்டத்தில் கிட்டத்தட்ட எல்லாரும் இருப்பார்கள். முகம் காட்ட அதுவே நல்ல நாள்.

சரி, தனியார் வழி என்று தெரிந்தால்? நகர எல்லைக்கு வெளியே உள்ள மனைப்பிரிவு என்றால் ஒரு வழி இருக்கிறது. சாலையை மேம்படுத்த கவுன்டியே முன்மொழிந்து, விசாரணை நடத்தி, நில உரிமையாளர்களுக்குத் தபாலில் ஓட்டுச் சீட்டு அனுப்பலாம். வந்த ஓட்டில் பெரும்பான்மை சம்மதித்தால் செலவை உரிமையாளர்கள் மீது பகிர்ந்து போட்டு வேலையை முடிப்பார்கள். அதன் பிறகு அது கவுன்டி சாலை, பராமரிப்பும் கவுன்டியுடையது. செலவு கையைக் கடிக்கும். அண்டை வீட்டாரோடு ஒரு மாலை உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு பேசி, யார் யார் சம்மதம் என்று தெரிந்த பிறகே கமிஷனரிடம் போங்கள். தீர்மானம் நிறைவேறினால் கவுன்டி கிளார்க்கிடம் அதற்கு ஒரு சான்றிட்ட நகல் வாங்கி, வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.